தட்டில் மிச்சம்

புதுவயலில் மில் என்றால் நெல்தான்.
உமி பறந்து தெருவே தும்மும்.
எங்கள் கொட்டகை ஒன்றுதான்
இறாலுக்குச் சமைக்கிறது.

கடல் இங்கிருந்து ஒரு மணி நேரம்.
புதனும் சனியும் அது டேங்கர் லாரியில் வரும்,
வழியில் சிந்தியது போக மீதி.
குழாயை மாட்டிவிட்டு இருளப்பன்
தொட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வான்:
"காரைக்குடிப் பக்கம் கூட்டியாந்து
சைவமாகச் சொல்றீங்களே,
அடுக்குமா இது?"

எட்டுத் தொட்டி, தொட்டிக்கு நாற்பது உயிர்.
ஒன்றிலும் இரண்டிலும் மீன்தூள் தீனி.
மூன்றிலும் நான்கிலும் பாதி.
ஐந்து முதல் எட்டுவரை
மீன் வாசமே படாதது:
சோயா, கடலைப் புண்ணாக்கு,
பக்கத்து மில்லிலிருந்து சூடாக வந்த தவிடு.

இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கி
மிச்சத்தை நிறுப்பது என் வேலை.

இறால் காலால் ருசி பார்க்கும்.
உருண்டையை எடுத்தது. திருப்பியது.
பிடிக்காத பந்தியில் கூட்டை ஒதுக்குவதுபோல்
ஓரமாக வைத்தது.

அமாவாசை தெரியாத கொட்டகை.
இருந்தும் அமாவாசையை ஒட்டித்தான் அவை
சட்டை கழற்றின.
ஏழாம் தொட்டியில் மறுநாள் எண்ணினேன்:
இருபத்தொன்பது.
செத்தது எதுவும் மிதக்கவில்லை.
ஒரு மீசை மட்டும் வடிகட்டியில்.

நாம் சைவம் பரிமாறினோம்.
அவை ஒன்றையொன்று பரிமாறிக்கொண்டன.

பதிவேட்டில் எழுதினேன்: காணவில்லை, 11.
முதலாளி வயிரவன் போனில் கேட்டார்:
"காணவில்லைன்னா என்னம்மா,
வேலி தாண்டிப் போச்சா?"

அந்த வாரம் தொண்டிக்குப் போயிருந்தேன்,
கணவாய் வாங்க.
பாத்திமுத்துவின் கூடையில் காரல் இல்லை.
"படகுலேருந்தே மூட்டையாக் கட்டி
மாவு மில்லுக்குப் போயிடுது.
எனக்கு மிஞ்சுறது ஐஸ் தண்ணி."
நாலரைக் கிலோ மீன் வெந்து காய்ந்தால்
ஒரு கிலோ தூள்.
எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.
அவளிடம் சொல்லவில்லை.

விதைக்கு ஒரு பழக்கம்:
தன் பாஸ்பரஸைத் தானே பூட்டி வைக்கும்,
நாளைய முளைக்கென்று.
இறாலிடம் சாவி கிடையாது.
கல்லூரி முடித்து எட்டு வருஷம் கழித்து
இட்லிப் பானையைத் திறந்த ஒரு காலையில்
சாவி என் மூக்கில் ஏறியது.

சோயாவை ஊறவைத்தோம், புளிக்கவைத்தோம்.
டிரம்மின் வாயைத் துணியால் கட்டினோம்.
ராத்திரி அது முணுமுணுத்தது.
மெத்தியோனைன் குறைவு என்பதால்
சின்ன டப்பாவிலிருந்து அளந்து போட்டோம்
(திறந்தால் அழுகிய முட்டைக்கோஸ்).
கடைசியில், யாரும் பார்க்காத மாதிரி,
கணவாய் வேகவைத்த தண்ணீர்,
சைவத்தில் ஒரு கரண்டி பொய்.

இந்த முறை இரண்டு தொட்டிக்கு மீன்தூள்,
ஆறு தொட்டிக்குப் புளித்தது.

தட்டைத் தூக்கினேன். காலி.
கிழிந்து கொட்டிவிட்டதோ என்று
வலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
கிழியவில்லை.

அறுபதாம் நாள் சராசரி:
மீன்தூளில் ஒன்பது கிராம், எங்களுடையது எட்டு.
ஒரு கிராம் கடன்.
அந்த ஒரு கிராமுக்குள் எத்தனை காரல் என்று
வகுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.
வயிரவன் முழுசாக வகுத்திருப்பார், ரூபாயில்.
இன்னும் பதில் வரவில்லை.

முன்பு மில் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை
மூன்று பூனைகள் என்னைக் கொண்டுவிடும்.
இப்போது அவை மதில்மேல் படுத்தபடி
யாரோ போகிறாள் என்று பார்க்கின்றன.

காரைக்குடி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
மூன்று வருஷமாகக் காலி.
இன்று ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.
மூக்கை லேசாகச் சுளித்து,
சிரித்து,
"வீட்ல மாவு புளிச்சிருச்சா அக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.
ஆறு தொட்டிக்கு.